செவ்வந்தியின் மஞ்சள் நாற்காலி

வெள்ளாங்கரையில் உப்புக்கும் பஞ்சமில்லை, சொந்தத்துக்கும் பஞ்சமில்லை. தெருவில் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் ஒருவருக்கு மாமனாகவும், இன்னொருவருக்கு மைத்துனனாகவும், வேறொருவருக்குப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாகவும் இருப்பார். அப்படிப்பட்ட ஊரில், நாலு வயது முடிந்தும் அம்மா என்ற ஒரு சொல் வாயில் வராத செவ்வந்தி, சிறுபிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தன் மடியில் கிடந்த பேசும் பலகையில் அப்பாவின் படத்தை முதன்முதலாக அமுக்கினாள். பலகை "அப்பா" என்றது. பைபாஸ் ரோட்டில் உப்பு ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா பட்டுராஜ், அவளுக்கு எதிரே கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடிக்க, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஜெபக்கனி டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"செருப்போட உள்ள வந்துட்டீயளே, பிள்ளைக தவழ்ற இடம்லா," என்றார்.

பட்டுராஜ் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். மகள் அவரைப் பார்த்தாள், அவர் மகளைப் பார்த்தார். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவர் அவர். ஆனால் அவள் கூப்பிட்டு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், அழுகிறோம் என்பது தெரியாமலே அழுதார். லாரி என்ன ஆயிற்று என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அது தானாகவே ஓரங்கட்டி, இண்டிகேட்டரும் போட்டுக்கொண்டு, ஒரு வேப்பமரத்தடியில் மரியாதையாக நின்றதாகப் பின்னால் வந்த பஸ்காரர்கள் சொன்னார்கள். மகள் போதுமான அளவு அப்பாவைப் பார்த்து முடித்ததும் பலகையின் கடைசிக் கட்டத்தை அமுக்கினாள். அது "போயிட்டு வாங்க" என்றது. பட்டுராஜ் லாரிக்குள் இருந்தார். செருப்பு மட்டும் பள்ளிக்கூட வாசலில் கிடந்தது.

பேசும் பலகை என்பது மந்திரப் பொருள் ஒன்றுமில்லை. பேச்சு வரத் தாமதமாகிற பிள்ளைகளுக்காகச் செய்தது. கட்டம் கட்டமாகப் படம் ஒட்டியிருக்கும், அமுக்கினால் பதிந்து வைத்த குரலில் அந்தப் படத்தின் சொல்லைச் சொல்லும். பலகையோடு வந்த படங்களில் அப்பா என்று கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். வெள்ளாங்கரைப் பிள்ளைகள் கோட்டுப் போட்டவரைக் கல்யாண ஆல்பத்துக்கு வெளியே பார்த்ததில்லை, அதனால் ஒரு பிள்ளையும் அவரைத் தொடவில்லை. டீச்சர் அவரை உரித்துப் போட்டுவிட்டு, கைலி கட்டி லாரியில் சாய்ந்து நிற்கிற பட்டுராஜை ஒட்டினார். அதற்கு மறுநாள்தான் இது நடந்தது. மற்ற பிள்ளைகளின் பலகைகள் பேச மட்டும் செய்தன. செவ்வந்தியின் பலகை கூப்பிட்டது. மாவட்டத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அதன் முதுகைத் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரியும் சின்ன ஸ்பீக்கரும்தான் இருந்தன. மூடித் திருகிவிட்டுப் போனார்.

ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது, அதற்கு மேல் பிளக்க நேரமில்லாமல் வேலையைப் பார்த்தது. பிள்ளைகளுக்கு முறை சொல்லிக்கொடுக்கிற உறவு வகுப்பு நடக்கிற காலை நேரத்தில் பட்டுராஜ் லாரி ஓட்டுவதில்லை என்று உப்பளத்தில் ஏற்பாடாயிற்று. செவ்வந்தியின் அத்தை அந்த நேரத்தில் எண்ணெய்ச்சட்டி வைப்பதை நிறுத்தினாள்; ஒரு முறை கரண்டியோடும் பாதி வெந்த வடையோடும் வந்து சேர்ந்ததில் அவளுக்கு வெட்கமாகப் போயிருந்தது. பெரியப்பாவை முடிவெட்டுகிறவர் அந்த நேரம் நாற்காலியில் உட்கார வைக்க மறுத்தார். கூப்பிடப்பட்டவர் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்று பள்ளிக்கூட ஆயா ஒரு குத்து அவித்த கடலையைத் தயாராக வைத்திருந்தாள். கோயில் பூசாரியும் சர்ச் ஐயரும் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, ஆள் இல்லாத நேரத்தில், அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஊருக்கு ஆசை வந்தது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: தலை சுற்றவில்லை, காற்று அடிக்கவில்லை, காதுக்கும் நெஞ்சுக்கும் நடுவே எங்கேயோ முறை சொல்லி ஒரு குரல் கேட்டது, கேட்டதும் இந்த உலகத்தில் தான் இல்லாவிட்டால் ஒரு இடம் காலியாக இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது, தெரிந்து முடிப்பதற்குள் நாற்காலியில் இருந்தோம். இதைக் கேட்டபின் யாருக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளும்? "எங்க ஆத்தாவும் பட்டுராஜோட அப்பத்தாவும் ஒரே ஊர்ல பிறந்தவுக" என்று ஒருத்தி போட்டோவோடு வந்தாள். ஐந்து தலைமுறைக்கு முன்னால் பிரிந்த சொந்தத்தை ஒருவர் மணலில் கோடு போட்டு நிரூபித்தார். கேட்டுச் சலித்த டீச்சர், கட்டம் காலியாக இருக்கிறவரை ஒட்டுவேன், கூப்பிடுவதும் கூப்பிடாததும் பிள்ளை இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உறவு வகுப்பு நேரத்தில் வெள்ளாங்கரையே முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சேலையும் சலவைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒருவேளை கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவரவர் வாசலில் காத்து நின்றது.

ரேஷன் கடையில் எடை போடுகிற மாணிக்கவாசகத்துக்குக் கல்யாணமும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஊரில் அவரைத் திட்டுவதற்காக மட்டுமே பெயர் சொல்வார்கள். அவர் ஒரு நாள் டீச்சரிடம் வந்து, போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த முறை என்று சொல்லத் தெரியாமல் நின்றார். டீச்சர் சித்தப்பா கட்டத்தில் ஒட்டினார். செவ்வந்தி அந்த மீசையை வாரக்கணக்கில் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு நாள் அமுக்கினாள். சர்க்கரை அள்ளுகிற கரண்டியோடு வந்து உட்கார்ந்த மாணிக்கவாசகம் கடலையைச் சாப்பிடவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு கடையில் அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். எடையில் மாற்றமில்லை.

இத்தனை பேர் ஒட்டப்பட்ட பலகையில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. அது மாமா கட்டம். தாய்மாமன் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வேறொருவரை அந்தக் கட்டத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்க, எவ்வளவு ஆசை இருந்தாலும், ஊரில் யாருக்கும் துணிவில்லை.

செவ்வந்தியின் அம்மா முத்துச்செல்விக்கு ஒரே அண்ணன், பேச்சிமுத்து. கோவில்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா இல்லாத வீட்டில் தங்கச்சியை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவர் அவர்தான். முத்துச்செல்வி புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று குத்துவிளக்கும் சேலை வேட்டியும் பழத்தட்டுமாகச் சீர் கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று பால் பொங்குகிறதா, எந்தத் திசையில் பொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததில், வாசலில் நின்றவரை வாங்க என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அவர் நின்றார். பால் பொங்கியது, குலவை போட்டார்கள், அப்போதும் ஒருவரும் திரும்பவில்லை. சீரை வாசற்படியில் வைத்துவிட்டு, வான்னு சொல்ல வாயில்லாத வீட்டுல எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்த வீட்டுக்கு வர்றவனுக்கு என்ன "வாங்க" வேண்டிக்கிடக்கு என்று முத்துச்செல்வியும் விட்டுவிட்டாள். அவள் கூப்பிடட்டும் என்று அங்கே, அவன் வரட்டும் என்று இங்கே.

இதோடு போயிருந்தால் ஏதாவது ஒரு கல்யாணத்திலோ சாவிலோ சரியாகியிருக்கும். அடுத்த வருஷம் பிறந்த பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பிறக்கும்போது மூச்சு வர நேரமாகிவிட்டது, அதுதான் காரணம் என்று டாக்டர்கள் படம் வரைந்து சொன்னார்கள். ஊர் அப்படி வரையவில்லை. வாயில்லாத வீடுன்னு தாய்மாமன் வாசல்ல நின்னு சொன்னாம்லா, பலிச்சிட்டு என்றது ஊர். முத்துச்செல்வி அதை நம்ப மறுத்தாள், மறுத்து மறுத்தே நம்பினாள். அந்தப் பேச்சு கோவில்பட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. தன் நாக்கு தன் மருமகளின் நாக்கைத் தின்றுவிட்டதாக நினைத்து, எந்த முகத்தோடு போய் அந்த வாசலில் நிற்பேன் என்று பேச்சிமுத்து வராமலே இருந்தார். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால், செவ்வந்திக்குக் காதும் குத்தவில்லை.

அண்ணனை இழந்த துக்கத்தை முத்துச்செல்வி யாரிடமும் சொன்னதில்லை. ஊரே மகள் கூப்பிட வந்து உட்காருவதைப் பார்த்தபின் அவளால் பொறுக்க முடியவில்லை. கல்யாண ஆல்பத்திலிருந்து அண்ணன் முகத்தை வெட்டி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் ஒட்டினார். செவ்வந்தி அந்த முகத்தைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டத்துக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படித்தான். முத்துச்செல்வி வகுப்பு வாசலிலேயே பழியாய்க் கிடந்து, அமுக்கு கண்ணு, மாமாவ அமுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஜெபக்கனி டீச்சருக்குப் பலகை விஷயத்தில் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு, முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் வருகிறவரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பலகையை அமுக்கக் கூடாது. அது அவள் வாய், அடுத்தவர் வாயைப் பிடித்து அசைத்துப் பேசவைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார். இந்த இரண்டையும் ஒவ்வொரு தாய்க்கும் முதல் நாளே சொல்லியிருந்தார். முத்துச்செல்விக்கும் சொல்லியிருந்தார்.

டீச்சர் ஒரு பிள்ளைக்கு முகம் கழுவிவிடக் குழாயடிக்குப் போன நேரத்தில், முத்துச்செல்வி உள்ளே வந்து, மகளின் விரலைப் பிடித்து மாமா கட்டத்தில் வைத்து அமுக்கினாள். "மாமா" என்றது பலகை. நாற்காலி காலியாக இருந்தது. இன்னொரு முறை அழுத்தினாள். "மாமா." ஒன்றுமில்லை. செவ்வந்தி கையை உருவிக்கொண்டு அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். அம்மாவை அவள் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் முத்துச்செல்வி தாங்கியிருப்பாள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை பலகையைத் தொடவில்லை. தண்ணீர் கேட்கவில்லை, போதும் சொல்லவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை. மறுபடி அவள் வாய் மூடிக்கொண்டது, இந்தத் தடவை தாயே மூடியது. பவுடர் பூசிக்கொண்டு வாசலில் நின்றவர்கள் உச்சிவெயில் வரை நின்றுவிட்டு உள்ளே போனார்கள். கூப்பிடப்படாத ஊர் ஒரு வாரத்தில் களையிழந்துபோயிற்று. மாணிக்கவாசகம் சர்க்கரைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூடத் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வரிசை நகரவில்லை என்று பெண்கள் சண்டை போட்டார்கள். பட்டுராஜ் மனைவியை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. லாரியை மட்டும் அந்த வேப்பமரத்தடியில் தினமும் சற்று நேரம் நிறுத்திவைத்தார்.

முத்துச்செல்வி டீச்சரிடம் போய், பிள்ளைய நானே ஊமையாக்கிட்டேன் என்று அழுதாள். இனி ஒருத்தரும் வர வேண்டாம், அண்ணனும் வேண்டாம், அவள் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டால் போதும் என்றாள்.

டீச்சர் அவளை அழ விட்டுவிட்டுப் பிறகு கேட்டார். "அந்தப் படத்துல இருக்கது யாருன்னு அவளுக்குத் தெரியுமா? வீட்டுல ஒரு நாளாவது எங்கண்ணன்னு வாய் திறந்து பேசியிருக்கீயளா?"

அந்த வீட்டில் அவர் பேரைச் சொன்னதே இல்லை.

"தெரியாத மனுசன எந்தப் பிள்ளைம்மா கூப்பிடும்? முதல்ல நீங்க பேசுங்க. உங்க விரலால அமுக்கி, உங்க வாயால பேசுங்க. அவ பாத்துக்கிட்டு இருக்கட்டும், ஒண்ணும் கேக்காதீய."

முத்துச்செல்வி பலகையை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அரிசி களைகிறபோதும் துணி மடிக்கிறபோதும், செவ்வந்தி பார்க்கிற தூரத்தில் பலகையை வைத்துக்கொண்டு, தன் விரலால் மாமா கட்டத்தை அமுக்கி, மாமாதான் எனக்கு சைக்கிள் பழக்கினாவ, மாமா பின்னால பிடிச்சிருக்காவன்னு நினைச்சு நான் பாட்டுக்குப் போனேன், திரும்பிப் பாத்தா தூரத்துல நின்னு சிரிக்காவ என்று சொன்னாள். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் போனபோது பள்ளிக்கூடப் பையோடு சேர்த்து அவளைத் தோளில் தூக்கிக் கடந்ததைச் சொன்னாள். கோழிக்குழம்பில் ஈரலைத் தனக்கு ஒதுக்கிவைத்ததைச் சொன்னாள். அவள் அமுக்கியதற்கு யாரும் வந்து உட்காரவில்லை. கூப்பிட வாய் உள்ளவர்களுக்கு அந்தப் பலகை உதவி செய்கிற வழக்கமில்லை. ஆனால் கோவில்பட்டிப் பட்டறையில் பேச்சிமுத்துவுக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. கவளத்தை வாயில் வைத்தால் புரையேறியது. யாரோ நினைக்காவ அண்ணாச்சி என்று பட்டறை ஆட்கள் உச்சந்தலையில் தட்டினார்கள். என்னை நினைக்க யாரு இருக்கா என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தார்.

சொல்லச் சொல்ல, சொல்வது மகளுக்காக என்பது முத்துச்செல்விக்கு மறந்துபோனது. ஒரு நாள் அந்தப் பால் காய்ச்சிய காலையையும் சொன்னாள். அடுப்புப் பக்கம் நின்ற தனக்கு வாசலில் அண்ணன் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது என்றும், பால் பொங்குகிற நேரத்தில் கண்ணை எடுத்தால் ஆகாது என்று யாரோ சொன்னதால் திரும்பவில்லை என்றும், அண்ணன்தானே, நிற்பான் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மாமா கட்டத்தை அமுக்கினாள். செவ்வந்தி தலையைச் சாய்த்து, அம்மாவின் முகத்தையும் கட்டத்து முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரண்டு முகத்திலும் மூக்கு ஒன்றாகவே இருந்தது.

மறுநாள் உறவு வகுப்பில் டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்கு அக்கா, தம்பி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முத்துச்செல்வி சுவரோரம் கைகட்டி நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. செவ்வந்தியின் கை அக்குளிலிருந்து வெளியே வந்தது. டீச்சர் பாதிச் சொல்லில் நிறுத்தினார். கை பலகையின் மேல் தயங்கித் தயங்கிப் போய் ஒரு கட்டத்தில் இறங்கியது.

"அம்மா," என்றது பலகை.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள், கை பலகையை விடாமல் நகர்ந்து, அடுத்த கட்டத்தையும் அமுக்கியது.

"மாமா."

ஜெபக்கனி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு சொல்லைச் சொல்கிற பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லோடு சேர்த்துவைப்பது அதுபோல் அல்ல, அது அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் பேசப்போகிற பேச்சுக்கெல்லாம் கால்கோள். அவருக்கு நாற்காலியைப் பார்க்கத் தோன்றவே சிறிது நேரம் பிடித்தது.

நாற்காலி ஒன்றுதான். கூப்பிடப்பட்டவர்கள் இரண்டு பேர். சுவரோரம் நின்ற முத்துச்செல்வியும், கோவில்பட்டியில் ஜன்னல் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்த பேச்சிமுத்துவும், நாலு வயதுப் பிள்ளை உட்கார்வதற்கென்று செய்த அந்த மஞ்சள் நாற்காலியில், தோளோடு தோள் நெருக்க, ஆளுக்குப் பாதி இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிமுத்துவின் கையில் வெல்டிங் கம்பி இன்னும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. ஆயா ஓடிவந்து அதை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். முகக்கவசத்தை அவர் மெல்ல மேலே தூக்கினார். தலை நரைத்திருந்தது. அது முத்துச்செல்விக்குத் தெரியாது.

வாசலில் ஊர் கூடிவிட்டது. யார் வீட்டுக்கு யார் வந்தது, யாரை யார் வாங்க என்று முதலில் சொல்ல வேண்டும் என்று முறை தெரிந்தவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். இரண்டு பேருமே வந்தவர்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டது ஒரு பிள்ளை. வழக்குப் பேச ஊருக்கு ஒன்றும் அகப்படவில்லை. போயிட்டு வாங்க என்ற கடைசிக் கட்டம் செவ்வந்தியின் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. டீச்சர் நினைத்திருந்தால் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கலாம். மூடவில்லை.

பேச்சிமுத்து மருமகளைப் பார்த்தார். வாயில்லாத வீடு என்று சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன்னைக் கூப்பிட்டது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலைக் காதுக்கும் நெஞ்சுக்கும் நடுவே அவர் கேட்டிருந்தார். கண்ணீர் கரி படிந்த கன்னத்தில் இரண்டு கோடாக இறங்கியது. பக்கத்தில் முத்துச்செல்வி குனிந்தபடி குலுங்கினாள்.

செவ்வந்தி இரண்டு கையையும் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவளாக, முகத்தை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியவர்கள் இரண்டு பேரும் பேசுகிறவரை காத்திருந்தாள். வெள்ளாங்கரையும் அவளோடு சேர்ந்து காத்திருந்தது.

நாற்காலியின் கால் லேசாக முனகியது. பேச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏட்டி," என்றார், "கொஞ்சம் தள்ளி உக்காரு."

"இதுக்கு மேல எங்கண்ணே தள்ள," என்றாள் முத்துச்செல்வி.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.